வெள்ளம் வடிந்த பிறகு மலேரியா: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் என்று தண்ணீர் தேங்கி வடிந்த பகுதிகளில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கேட்கப்படும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறோம்.

1. மலேரியா கொசுவும் டெங்கு கொசுவும் ஒண்ணுதானே?

இல்லை. டெங்கு, ஏடிஸ் கொசுவால் வருவது. அது பகலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ். அது இருட்டத் தொடங்கியதிலிருந்து விடியும்வரை கடிக்கும். உட்காரும்போது முதுகைத் தூக்கி, சுவரில் முள் குத்தியதுபோல் சாய்ந்து நிற்கும். இந்தக் கொசுவின் உடலுக்குள் மலேரியா கிருமி வளர்வதை 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். அந்த நாள்தான் இன்றும் உலகக் கொசு நாள்.

அனோபிலிஸில் பல வகை உண்டு. சென்னையில் மலேரியாவைப் பரப்புவது பெரும்பாலும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இது நகரத்துக்கே பழகிய கொசு. காடு, வயல் எதுவும் இதற்குத் தேவையில்லை, ஒரு மொட்டை மாடித் தொட்டி போதும்.

2. எங்க வீட்டுக்குப் பின்னாடியே பக்கிங்காம் கால்வாய். கொசு எல்லாம் அங்கிருந்துதான வருது, நாங்க என்ன பண்ண முடியும்?

ராத்திரி தூங்கவிடாமல் காதருகே ரீங்காரமிடும் கொசுக்களில் பெரும்பகுதி அங்கிருந்து வருபவைதான். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்ற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய் போன்ற சாக்கடை கலந்த நீரில் வளர்வது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பக்கூடியது அது. ஆனால் மலேரியாவைப் பரப்பாது.

ஸ்டீபன்சி தேடுவது தெளிந்த தண்ணீரை. மாடித் தொட்டி, தரைக்கடியில் இருக்கும் சம்ப், கிணறு, லாரித் தண்ணீர் பிடித்து வைத்த டிரம், கட்டடம் கட்டும் இடத்தில் சிமெண்ட் இறுகுவதற்காக (கியூரிங்) தேக்கிய தண்ணீர், இவைதான் அதன் பிறப்பிடம். கால்வாயைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுப்பது நியாயம், கொடுங்கள். அதே சமயம், மலேரியா உங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கால்வாயைப் பார்த்துக்கொண்டு மாடி ஏறிப் பார்க்காத தெருக்களில்தான் நோய் தங்கிவிடுகிறது.

3. இவ்ளோ பெரிய வெள்ளம் வந்தா கொசு முட்டை, புழு எல்லாம் அடிச்சிக்கினு போயிடாதா?

போகும். வெள்ளம் வந்த முதல் வாரத்தில் கொசு குறைந்ததுபோலத் தெரிவது அதனால்தான். ஆபத்து அதற்குப் பிறகு. புயலில் தொட்டி மூடிகள் பறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் நின்று, கிடைத்த பாத்திரத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து வைத்திருப்பீர்கள். வெள்ளம் பூந்த சம்ப்பை இன்னும் திறந்திருக்க மாட்டீர்கள். பழைய இடங்கள் போய்ப் புது இடங்கள் பல மடங்கு உருவாகியிருக்கும்.

நாள் கணக்கு இப்படி. முட்டை கொசுவாகப் பறக்க 8 முதல் 10 நாள். அது ஏற்கெனவே மலேரியா உள்ள ஒருவரைக் கடித்தால், கிருமி கொசுவுக்குள் பக்குவப்பட நம் ஊர் வெப்பத்தில் இன்னும் 8 முதல் 10 நாள். பிறகு அது கடிக்கும் ஆளுக்குக் காய்ச்சல் தொடங்க, சென்னையில் அதிகம் வரும் விவாக்ஸ் வகை மலேரியாவில் 12 முதல் 17 நாள். கூட்டினால் ஏறக்குறைய ஒரு மாதம், அல்லது அதற்குச் சற்று மேல். 2023 மிக்ஜாம் புயல்போல டிசம்பர் முதல் வாரத்தில் வெள்ளம் என்றால், மலேரியாவின் கணக்குப் பொங்கலை ஒட்டி வந்து நிற்கும். தெரு காய்ந்து, நிவாரண முகாம்களும் கலைந்து, எல்லோரும் மறந்துவிட்ட நேரம் அது. தடுப்பு வேலை மழை நின்ற முதல் பத்து நாளில் நடந்தாக வேண்டும்.

4. மாடி டேங்குக்கு மூடி போட்டிருக்கு, தினமும் தண்ணியும் செலவாகுது. அதுல எப்படிங்க புழு வரும்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறோம். தொட்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாய் அடிப்பக்கம் இருக்கிறது. புழு மேல்மட்டத்தில் மிதக்கிறது. நீங்கள் தண்ணீர் செலவழிக்கும்போது புழுவும் மட்டத்தோடு கீழே இறங்கும், மோட்டார் போட்டதும் மேலே ஏறும். முக்கால் தொட்டி தினமும் காலியானாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மாதம் ஒரு முறை கழுவுவதும் போதாது. மேலே சொன்ன 8 நாளில் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

மூடி இருந்தும் கொசு நுழையும் வழிகள் மூன்று. முதலாவது, வழிந்தோடும் குழாய், அதாவது ஓவர்ஃப்ளோ. பெரும்பாலான தொட்டிகளில் அது வெறும் ஓட்டையாகத் திறந்தே கிடக்கிறது. கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துச் செம்புக் கம்பியால் இறுகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை வெயிலில் நொறுங்கிவிடும். இரும்புக் கம்பி கடல்காற்றில் துருப்பிடிக்கும். வலையின் கண் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 என்ற அளவில் இருந்தால் போதும். அதைவிட நெருக்கமாக இருந்தால் பாசி அடைத்து, தண்ணீர் மூடி வழியாக வழியும். இரண்டாவது, மோட்டார் குழாய் உள்ளே நுழையும் இடம். பிளம்பர் இரண்டு அங்குல ஓட்டை போட்டு ஒரு அங்குலக் குழாயைச் செருகிப் போயிருப்பார். அந்த இடைவெளியைச் சிமெண்ட்டாலோ எம்-சீலாலோ அடையுங்கள்.

மூன்றாவது, மூடியேதான். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் சிமெண்ட் தொட்டிக்கு இரும்புத் தகட்டு மூடி போட்டால் சில வருடங்களில் ஓரம் அரித்துவிடும். ஃபைபர் மூடி போடுங்கள். பிளாஸ்டிக் தொட்டி மூடியின் காதில் கம்பி கோத்து உடம்போடு கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த புயலிலும் பக்கத்துத் தெருவில்தான் தேட வேண்டும். மூடியின் மேல் பாறாங்கல் வைப்பதால் பயனில்லை. கனத்தில் நடுப்பகுதி குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், குழியில் மழைத்தண்ணீரும் நிற்கும்.

5. புழு இருக்குதான்னு நானே எப்படிப் பாக்கறது?

ராத்திரி அல்லது நிழலான நேரத்தில் டார்ச்சுடன் போங்கள். மூடியை மெதுவாகத் திறங்கள். அதிர்வோ நிழலோ பட்டால் புழு அடியில் போய்விடும், இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் காத்திருங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து இறக்கி மொள்ளுங்கள்.

தண்ணீர் மேல் தட்டையாக, சின்னக் குச்சி மிதப்பதுபோல் படுத்திருந்தால் அனோபிலிஸ். தலைகீழாகத் தொங்கினால் க்யூலெக்ஸ் அல்லது ஏடிஸ். கமா வடிவில் சுருண்டு துள்ளினால் அது கூட்டுப்புழு, இரண்டு நாளில் கொசுவாகிவிடும். கூட்டுப்புழு எதையும் தின்னாது என்பதால் தொட்டியில் ஊற்றும் புழு மருந்து அதனிடம் சரியாக வேலை செய்யாது. அதைப் பார்த்தால் தொட்டியைக் காலி செய்வதே வழி.

6. நாங்க ஹவுசிங் போர்டு பிளாக்ல இருக்கோம். டேங்க் பொது. யாரு மேல ஏறிப் பாக்கறது?

பொதுத் தொட்டி என்றால் யாருடையதும் இல்லை என்றாகிவிடுகிறது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் பல பிளாக்குகளில் மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே தெரியவில்லை. முதல் வேலை, அந்தச் சாவியை இரண்டு பேரிடம் வைத்து, பெயரைக் கீழே படிக்கட்டுச் சுவரில் எழுதிவிடுவது. வாரத்தில் ஒரு நாளை உலர் நாளாக வையுங்கள். அன்று டிரம், குடம், ஃப்ரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தேய்ப்பது ஏடிஸ் முட்டைக்காக. அது பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பிழைத்திருக்கும்.

மூடி உடைந்திருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். புது மூடி வரும்வரை கொசுவலைத் துணியைத் தொட்டி வாய்மேல் விறைப்பாகக் கட்டுங்கள்.

7. வெள்ளத் தண்ணி கெணத்துல பூந்துடுச்சி. பிளீச்சிங் பவுடர் கொட்டினா புழுவும் செத்துடும்ல?

சாகாது. குடிநீருக்குப் போடும் அளவு பிளீச்சிங் பவுடர் வயிற்றுப்போக்கு, காலராக் கிருமிகளுக்கானது. கொசுப்புழு அதில் பிழைத்துக்கொள்ளும். சாதாரண அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். ஒரு மீட்டர் விட்டமுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 2,350 லிட்டர், அதற்குக் கிட்டத்தட்ட 6 கிராம். வெள்ளம் கலந்த கிணற்றை முதலில் இறைத்துவிட்டு, கூடுதல் அளவை சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் போடுங்கள். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேல்தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

கிணற்றுப் புழுவுக்கு, அதைத் தின்னும் கம்பூசியா மீன்தான் நல்ல வழி. மாநகராட்சிப் பணியாளர்களிடம் கேளுங்கள். மீன் விட்ட கையோடு பிளீச்சிங் போட்டால் மீன் செத்து மிதக்கும், இது அடிக்கடி நடக்கிற தவறு. முதலில் பிளீச்சிங், குளோரின் முழுவதும் போன பிறகு மீன். இன்னொன்று: இந்த மீனைக் கொண்டுபோய் ரெட்டேரியிலோ மாதவரம் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மீன் அது, நம் ஏரி மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். பயன்படாத பழைய கிணறு என்றால் இடைவெளி இல்லாமல் வலை போட்டு மூடிவிடலாம்.

8. கார்ப்பரேசன் ஆளுங்க டேங்குல ஊத்தற மருந்து குடிக்கிற தண்ணிக்கு ஆபத்து இல்லியா?

டெமிஃபாஸ் என்ற அந்த மருந்தை லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிநீரில் பயன்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1 சதவீதக் குருணையாக இருந்தால் 1,000 லிட்டருக்கு 100 கிராம். அளந்து போடுகிறவர் போட்டால் பயமில்லை. வாசனை பிடிக்கவில்லை என்று பணியாளரை மாடி ஏறவிடாமல் திருப்பி அனுப்பும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. மருந்து வேண்டாம் என்றால் அதைச் சொல்லுங்கள், ஆனால் தொட்டியைப் பார்க்கவாவது விடுங்கள். கடையில் கிடைக்கும் பூச்சிமருந்தை நீங்களாக ஊற்றவே கூடாது.

9. பொக வண்டி தினமும் வந்தா கொசு ஒழிஞ்சிடும்ல, ஏன் எப்பவாவது ஒரு தபாதான் வருது?

புகை, அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. மறுநாள் புதுக்கொசு பிறந்துவிடும். ஸ்டீபன்சி வீட்டுக்குள் கட்டிலடியிலும் துணிகளுக்கு நடுவிலும் ஓய்வெடுக்கும் கொசு. வண்டி வரும்போது கதவு ஜன்னலைச் சாத்திவிட்டால் புகை தெருவோடு போய்விடும். வரும்போது சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து, குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வெளியே தள்ளிப் போய்விடலாம். தினமும் புகை கேட்பதைவிட வாரம் ஒரு முறை புழு பார்க்க ஆள் கேட்பது உங்களுக்கு லாபம்.

10. காசிமேட்டுல தொட்டி, கெணறு எதுவும் கெடையாது. எங்களுக்கு எப்படி மலேரியா வரும்?

கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுக்குள் எட்டிப் பாருங்கள். கடலுக்குப் போகாத புயல் நாட்களில் மழைத்தண்ணீர் அடித்தளத்தில் ஒரு சாண் நிற்கும். ஐஸ்பெட்டி, உடைந்த தெர்மாக்கோல் பெட்டி, கயிற்றுச் சுருளை மூடிய பிளாஸ்டிக் தாள் இவற்றிலும் நிற்கும். உப்புத்தண்ணீர் இல்லை, மழைத்தண்ணீர் என்பதால் புழுவுக்கு ஏற்ற இடம். படகை முனை தாழ்த்திச் சாய்த்து, அடியில் இருக்கும் திருகுமூடியைத் திறந்து வையுங்கள். கரையில் நிற்கும்வரை அந்த மூடி திறந்தே இருக்கட்டும், இறக்கும் முன் மூட மறக்காதீர்கள்.

மணலி, மாதவரம் லாரி ஷெட்டுகளில் இதே கதை தார்ப்பாய் மடிப்புகளில் நடக்கிறது. தார்ப்பாயை விரித்துப் போடாமல், நடுவில் கம்பு கொடுத்துக் கூரைபோலச் சரித்துக் கட்டினால் தண்ணீர் நிற்காது.

11. பக்கத்து காலி மனையில தண்ணி நிக்குது. பழைய எஞ்சின் ஆயில் ஊத்தலாமா?

குடிக்கவோ புழங்கவோ முடியாத, வடிக்க வழியே இல்லாத தண்ணீருக்கு மட்டும் எண்ணெய்ப் படலம் உதவும். புழு மூச்சு விட மேலே வரும்போது படலம் தடுக்கும். மாநகராட்சி மரத்தூளை எண்ணெயில் ஊறவைத்த பந்துகளைப் போடுவது இதற்காகத்தான், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நீங்கள் டின்னோடு கொட்டினால் நிலத்தடி நீர் கெடும். பக்கத்தில் போர் போட்டிருப்பவர்கள் அதைத்தான் குடிப்பார்கள். முதலில் ஒரு வாய்க்கால் வெட்டி வடிக்கப் பாருங்கள். மனைச் சொந்தக்காரர் கவனிக்கவில்லை என்றால் மாநகராட்சியிடம் சொல்லுங்கள். 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு உற்பத்தியைத் தடுக்க நோட்டீஸ் கொடுக்க இடமிருக்கிறது.

12. மழைக்கப்புறம் எல்லாருக்கும்தான் காய்ச்சல். இது மலேரியான்னு எப்படித் தெரியும்?

அறிகுறியை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல் கிட்டும் குளிர், பிறகு அனலாக உடம்பு, பிறகு வியர்த்துக் கொட்டி விடுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே நேரத்தில் வருவது, இவை பாடப்புத்தக மலேரியா. ஆரம்ப நாட்களில் முறை எதுவும் இல்லாமல் தினமும் காய்வதும் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், டைஃபாய்டு எல்லாம் இதே பருவத்தில் வருபவை. காய்ச்சல் வந்த அன்றே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ரத்தத் தடவல் எடுக்கச் சொல்லுங்கள், இலவசம்தான். மாத்திரை எதுவும் போடும் முன் எடுப்பது முக்கியம்.

நினைவு தடுமாறுவது, வலிப்பு, மூச்சு வாங்குவது, கண் மஞ்சள், சிறுநீர் குறைவது அல்லது கறுத்துப் போவது, குழந்தை எதையும் குடிக்க மறுப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

13. டெஸ்ட்ல இல்லன்னு வந்துச்சி, ஆனா காய்ச்சல் விடல.

ஒரு முறை இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று ஆகாது. ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்த நேரமாக இருக்கலாம், அல்லது கடையில் வாங்கிய மாத்திரை அதை மறைத்திருக்கலாம். 12 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா குணமான பிறகும், ஒரு சொட்டு ரத்தத்தில் உடனே பார்க்கும் கார்டு டெஸ்ட் சில வாரம் கோடு காட்டும். அப்போது தடவலை நுண்ணோக்கியில் பார்ப்பதே சரி.

14. மூணு நாள் மாத்திரையில காய்ச்சல் போயிடுச்சி. மிச்ச பதினோரு நாள் எதுக்கு?

சென்னையில் அதிகம் வருவது விவாக்ஸ். அதன் கிருமிகளில் ஒரு பங்கு ரத்தத்துக்கு வராமல் ஈரலில் உறங்கிக் கிடக்கும். குளோரோகுயின் மூன்று நாளில் ரத்தத்தில் இருப்பதைக் கொல்கிறது. ஈரலில் தூங்குவதைக் கொல்வது பிரைமாகுயின், அதற்கு 14 நாள் வேண்டும். பாதியில் விட்டால் சில வாரத்திலோ மாதங்கள் கழித்தோ அது எழும்பும். அதோடு உங்களைக் கடிக்கும் கொசுவுக்கும் கிருமி போய், 3-ஆம் பதிலில் சொன்ன கணக்கு உங்கள் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கும்.

பிரைமாகுயினை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிடுங்கும், சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது ரத்த அணுக்களை உடைக்கும். சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, படி ஏற மூச்சு வாங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

15. மாசமா இருக்கேன். அந்த மாத்திரை போடலாமா?

பிரைமாகுயின் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கூடாது. அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் மலேரியா தாய்க்கு ரத்தசோகையையும் குழந்தைக்கு எடைக்குறைவையும் உண்டாக்கும். விவாக்ஸுக்குக் குளோரோகுயின் கொடுக்கலாம், மீதியைப் பிரசவத்துக்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்வார்.

16. போன வருசம் வந்துச்சி, மறுபடி வந்திருக்கு. புதுசா கொசு கடிச்சதா, பழசேவா?

இரண்டும் நடக்கும். ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு மலேரியாவில் கிடையாது. போன முறை 14 நாளையும் முடித்தீர்களா என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும், உண்மையைச் சொல்லுங்கள். முடித்திருந்தும் வந்திருந்தால் வீட்டுக்கு மேலேயும் பக்கத்திலும் தேட வேண்டும், 4, 5-ஆம் பதில்களைப் பாருங்கள்.

17. ஒருத்தருக்கு மலேரியான்னா தெருவுக்கே எதுக்கு ரத்தம் எடுக்கறாங்க? ஒட்டுவாரொட்டியா?

தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. பெரும்பாலும் கொசு வழியாகவே பரவும். விவாக்ஸ் உள்ளவர் காய்ச்சல் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே கொசுவுக்குக் கிருமியைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். அதனால் அவர் மருந்து சாப்பிடும் முன்னரே பக்கத்து வீட்டில் கடிபட்டவர் இருக்கலாம். சுற்றிலும் காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தடவல், சுமார் 50 வீடுகளில் புழுத் தேடல், வீட்டுக்குள் பைரித்ரம் என்ற கொசு மருந்துத் தெளிப்பு என்று செய்வது அதற்காகத்தான். பைரித்ரம் 2 சதவீதச் சாறு ஒரு பங்குக்கு மண்ணெண்ணெய் 19 பங்கு. தெளிக்கும்போது அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும்.

18. கட்டட வேலைக்கு வர்ற வடக்கத்தி ஆளுங்கதான இத கொண்டு வர்றாங்க?

ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் மலேரியா அதிகம், ஃபால்சிபாரமும் அதிகம். அங்கிருந்து வருகிறவர் உடம்பில் கிருமி இருக்கலாம். ஆனால் அவரைக் கடித்து மற்றவருக்குக் கொடுக்கும் கொசு இங்கே, நாம் மூடாத தண்ணீரில் பிறந்தது. தகரக் கொட்டகையில் வலை இல்லாமல் தூங்கி முதலில் கடிபடுவதும் அந்தத் தொழிலாளிதான். அவரை விரட்டினால் அடுத்த சைட்டுக்குப் போய்க் காய்ச்சலை மறைப்பார். வேலைக்குச் சேரும்போதே தடவல் எடுத்து, கொசுவலை கொடுத்து, லிஃப்ட் குழியிலும் கியூரிங் தண்ணீரிலும் வாரம் ஒரு முறை புழு பார்ப்பது மேஸ்திரி, ஒப்பந்ததாரர் பொறுப்பு.

19. மருந்து போட்ட கொசுவலய தோய்க்கலாமா?

தோய்க்கலாம். சாதாரண சோப்பில் மெதுவாக அலசி நிழலில் காயப் போடுங்கள், வெயில் மருந்தைக் கெடுக்கும். சுமார் 20 முறை துவைக்கும்வரை, அல்லது மூன்று வருடம்வரை மருந்து இருக்கும். வலையைப் பாய்க்கு அடியில் செருகாமல் தொங்கவிட்டால் பிரயோசனமில்லை.

20. பொங்கலுக்கு ஊருக்குப் போறோம். பூட்டின வீட்ல என்ன பண்ணணும்?

பூட்டிய வீடுதான் பணியாளர்களுக்குப் பெரிய தலைவலி. மாடிப்படிக்கு வெளிவழி இருந்தால் அதன் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். வாளி, டிரம்மைக் கவிழ்த்துவிட்டு, ஃப்ரிட்ஜை அணைத்துப் பின்தட்டைக் காலி செய்யுங்கள். கழிப்பறையின் கோப்பை மூடியை மூடி, ஃபிளஷ் தொட்டியின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தரைச் சாக்கடைச் சல்லடை மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓர் இட்லித் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால், சென்னையில் வெள்ளம் வந்த பகுதியிலிருந்து வந்திருக்கிறோம் என்று அங்குள்ள மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு மலேரியா நினைவுக்கே வராமல் போகலாம்.